மிளகாய் அரைக்க வரும் அம்மாவை நிறுத்துங்கள், அத்தை

துடியலூர்,
எல்லோரும் தூங்கிய பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த லோகப்பிரியா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் நந்திதா வணங்கி எழுதுவது. நான் நலம். ஆனைமலையில் நீங்கள், மாமா, பாப்பு, புதிதாகக் கன்று போட்ட மாடு எல்லோரும் நலமா? நலம் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்குப் போனால் எங்கள் தமிழ் ஐயா வெங்கடபதி அரை மதிப்பெண் குறைப்பார். அதனால் விசாரித்துவிட்டேன். உண்மையில் நான் நலமாக இல்லை. மேலே எழுதியது மரியாதைக்காக.

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பீர்கள். அம்மாவின் போனில் காதுப் பக்கம் சத்தம் வருவதில்லை, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். அதில் ரகசியம் பேசினால் துடியலூர் சந்தை வரைக்கும் போகும். அப்பாவின் போன் எந்நேரமும் அப்பாவின் சட்டைப் பையில், ஏதாவது கம்பெனி கூப்பிடும் என்று காத்துக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேச வேண்டாம். 'பெரியம்மா ஊட்டு முறுக்கு கல்லாட்டம் இருக்குது' என்று அம்மா உங்களுக்கு மட்டும் அனுப்பியது பங்காளிகள் குழுவில் போய் விழுந்து, பெரியம்மாவே அதற்குக் கைகூப்பும் படம் போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே கடிதம்.

அத்தை, வருகிற அமாவாசைக்கு அம்மா உங்கள் வீட்டுக்கு வருகிறார். உங்களைக் கூட்டிக்கொண்டு மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசப் போகிறார். யாருக்கு எதிராக என்று பெயர் சொல்லி வேண்டப் போவதில்லை. "எங்க இன்சூரன்ஸக் கெடுத்தது யாரோ, அவிங்களுக்கு எரியட்டும் தாயே" என்று பொதுவாக வேண்டுவாராம். யாரென்று அம்மாவுக்குத் தெரியாது. அம்மனுக்குத் தெரியும். அதுதான் அத்தை என் பயம். அது நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இது உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் போன முறை வந்தபோது நீங்கள் "ஏனுங்ண்ணா, லீவுங்களா?" என்று கேட்டீர்கள். அப்பாவும் "ஆமா கண்ணு, லீவு" என்றார். பால்காரர், தேய்ப்புக்காரர், மாடி வீட்டுக்காரர் எல்லோரும் அப்படியேதான் கேட்கிறார்கள், அப்பாவும் அப்படியேதான் சொல்கிறார். மூன்று மாதமாக நீளும் இப்படி ஒரு லீவு எந்தக் கம்பெனியில் கிடைக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நடந்தது இதுதான்: அப்பா வேலை பார்த்த பம்ப் செட் கம்பெனியில் வரைபடப் பிரிவையே மூடிவிட்டு, அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரமும் ஒரு பெட்டி மைசூர்பாகும் கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கு அம்மா அழவில்லை. கடிகாரத்தை மாட்டி, மைசூர்பாகை அக்கம்பக்கம் கொடுத்தார். கம்பெனி கொடுத்திருந்த இன்சூரன்ஸ் அட்டையும் வேலையோடு சேர்ந்து செல்லாமல் போய்விட்டது என்று தெரிந்த அன்றுதான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

காரணம் அப்பாவின் முழங்கால். இளம்பிள்ளை வாதம் வந்த இடது கால் இல்லை, நல்ல காலான வலது கால். இரண்டு வயதிலிருந்து இடது காலின் வேலையையும் சேர்த்து அதுதான் பார்த்து வந்திருக்கிறது. இப்போது அதுவும் ராஜினாமா கொடுக்கப் பார்க்கிறது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு மூணு வருசம் ஓட்டலாம் சார். அப்பறம் மாத்தித்தான் ஆகோணும்" என்றார், ஸ்கூட்டர் டயரைச் சொல்வது போல. அதற்கு ஆகும் செலவையும் சொன்னார். அப்பா அதைக் கேட்டு "சரிங்க" என்றார். அப்பா எதைக் கேட்டாலும் முதலில் "சரிங்க" என்றுதான் சொல்வார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அப்போதுதான் சென்னியப்பன் மாமா வந்தார். அம்மாவின் பெரியம்மா மகன். முதலில் எல்.இ.டி. பல்பு விற்றார், அப்புறம் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், அப்புறம் சொட்டுநீர்க் குழாய், இப்போது இன்சூரன்ஸ். எங்கள் வீட்டில் அவர் விற்ற பல்பின் வெளிச்சத்தில், அவர் விற்ற மெஷினின் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், ஒண்ணே ஒண்ணுதான். காலப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லீராதீங்க."

அப்பா சொன்னார்: "காலத்தான் ஊரே பாக்குதுங்களே மாப்ள."

"ஊரு பாக்கட்டுமுங்க. கம்பெனி பாக்க வேண்டாம். அவன் கேக்கறது வியாதி. காலு வியாதிங்களா? நீங்க சொல்லுங்க. அது பாட்டுக்கு அது இருக்குது."

"மறைக்கறது தப்பில்லீங்களா?"

அம்மா காபி டம்ளரை வைத்துக்கொண்டே நடுவில் புகுந்தார். "மறைக்கறதெல்லாம் இல்லீங்க. கேட்டாச் சொல்லுவோம். கேக்காததைச் சொல்றதுக்கு நாம என்ன ரேடியோவா?"

அப்பா இரண்டு பேரையும் பார்த்து "சரிங்க" என்றார். மாமா தன் போனிலேயே விண்ணப்பத்தைத் திறந்து, இல்லை, இல்லை, இல்லை என்று கடுகு பொரிவது போலத் தட்டிக்கொண்டே போனார். உடல் ஊனம் உண்டா என்ற கேள்வியும் அந்தப் பொரியலில் வெந்துவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று என்னை வளர்த்ததே இவர்கள்தானே?

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கம்பெனி டாக்டர் வீடியோவில் பேசிப் பார்த்த பிறகுதான் பாலிசி தருவார்களாம். அந்த நாள் வந்ததும் வீட்டில் கல்யாணக் களை கட்டிவிட்டது. என் படிக்கிற மேசையைக் கூடத்தில் போட்டு, அதன் மேல் உங்கள் வீட்டுச் சீராக வந்த மயில் போட்ட பெட்ஷீட்டை விரித்து, தரை வரை தொங்கவிட்டார்கள், கால் தெரியாமல் இருப்பதற்கு. அப்பாவின் ஊன்றுகோல் பீரோவுக்குப் பின்னால் போனது. உயர அடி வைத்த செருப்பு கட்டிலுக்கடியில். வாசலில் நின்ற அப்பாவின் பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரைக்கூட அம்மா தார்ப்பாய் போட்டு மூடினார். "அம்மா, டாக்டர் போன்லதானே வராங்க, தெருவுக்கா வரப்போறாங்க?" என்று கேட்டேன். "இருக்கட்டும் கண்ணு. நாம மூடி வெச்சுக்குவோம்" என்றார். போனைக் கோதுமை மாவு டப்பா மேல் சாய்த்து வைத்து, அதற்குப் பின்னால் சென்னியப்பன் மாமா தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துகொண்டார். மாமா கட்டை விரலைத் தூக்கினால் அப்பா "இல்லைங்க" சொல்ல வேண்டும். இரண்டு முறை ஒத்திகை பார்த்தார்கள். ஒத்திகையில் அப்பாவின் பெயர் கதிர்வேல்தானா என்று கேட்டதற்கும் மாமா கட்டை விரலைத் தூக்கினார். அப்பாவும் "இல்லைங்க" என்றார்.

எனக்குக் கொடுத்த வேலை வெளிக்கதவு. அம்மா என் தலையை வருடிச் சொன்னார்: "ஆரு வந்தாலும் வாங்கன்னு கேட்டுப்போடாத கண்ணு. கேட்டா உள்ள வந்து உக்காந்துக்குவாங்க. பேசாம நில்லு, போதும்."

அத்தை, இது எப்பேர்ப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணத்தில் அன்னூர்ச் சித்தப்பாவைப் பந்தல் வாசலில் யாரோ வாங்க என்று கேட்காமல் விட்டதற்கு அவர்கள் இன்னும் நம் வீட்டுப் பச்சைத் தண்ணீரைத் தொடுவதில்லை. வீட்டுக்கு வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் நிற்பதும் அவர்கள் முகத்தில் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்றுதான். அப்பாவை எல்லோரும் "நீங்க உக்காருங்க, உக்காருங்க" என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் ஒருநாளும் உட்கார்ந்துகொண்டு வாங்க என்று சொன்னதில்லை. எழுந்து, இரண்டடி முன்னால் போய்த்தான் சொல்வார். அப்படிப்பட்டவருடைய மகளைப் பேசாமல் நிற்கச் சொன்னார்கள்.

டாக்டர் போனில் வந்தார். வாசலுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. "வணக்கம் சார், நான் டாக்டர் மெர்சி. இந்த வீடியோ கால் ரெக்கார்டு ஆகுது." சர்க்கரை உண்டா? இல்லைங்க. ரத்தக் கொதிப்பு? இல்லைங்க. சிகரெட்? "ஐயோ, இல்லைங்க." அப்பா அருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏனென்றால் இது வரைக்கும் எல்லாமே உண்மை. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருக்கோடி வீட்டுச் சென்னிமலை பெரியப்பா வந்தார். தினமும் காலையில் பேப்பர் படிக்க வருவாரே, அவர்தான். வாங்க என்று கேட்காமல் அவர் எந்த வீட்டு வாசலையும் தாண்டியதில்லை. சொந்த மகன் வீட்டிலேயே மருமகள் வாங்க என்று சொல்லும்வரை செருப்பைக் கழற்ற மாட்டார் என்பார்கள். வந்தவர் கதவருகே நின்றார். நானும் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் செம்பருத்திச் செடியைப் பார்த்தேன்.

"ஏனம்மணி, அப்பா ஊட்டுல இல்லீங்களா?"

நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பேப்பர் வந்துருச்சுங்களா?"

அதற்கும் தலையாட்டினேன். வாய்க்குள் 'வாங்க' வந்து பல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது அத்தை, இருமல் மாதிரி. விழுங்கிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சு முடிந்துவிட்டதால் கனைத்தார். முதலில் சின்னதாக. பிறகு, அதிகாலையில் டீசல் மோட்டார் கிளப்புவது போல. உள்ளே டாக்டர், "வேற ஏதாவது சொல்லணுமா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா பதில் சொல்லவில்லை. மறுபடி கனைப்பு. நாற்காலி நகர்ந்தது.

"அட, வாங்க வாங்க! ஏனுங்க அக்கட்டயே நின்னுபோட்டீங்க!"

டக், சர்ர். டக், சர்ர். காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டிய காலைப் போட்டுக்கொண்டு அப்பா வாசலுக்கு வந்தார். தனியாக வரவில்லை. மயில் பெட்ஷீட்டின் ஓரம் காலிப்பர் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ராஜா அங்கி மாதிரி பின்னாலேயே வந்தது. பெட்ஷீட்டோடு போன் வந்தது. போனோடு மாவு டப்பா வந்தது. திரும்பிப் பார்த்தால், போன் தரையில் மல்லாந்து கிடக்கிறது. அதற்கு நேர் மேலே சென்னியப்பன் மாமா, மண்டி போட்டபடி, தலை முதல் மீசை வரை கோதுமை மாவோடு, கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு.

"சார்? சார்? யாருங்க அது?" என்றார் டாக்டர்.

மாமா பழக்கத்தில் "இல்லைங்க" என்றார்.

அப்பா சென்னிமலை பெரியப்பாவை உட்காரவைத்து, பேப்பரைக் கொடுத்து, காபிக்குச் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்து போனை எடுத்தார். "மன்னிச்சுக்கோங்க டாக்டர். ஊட்டுக்கு ஒருத்தர் வந்துட்டாருங்க."

"பரவாயில்ல சார். உங்க காலு..."

"ஆமாங்க. இடது காலுங்க. சின்னதுலயே."

"ஃபார்ம்ல இல்லைன்னு இருக்கே சார்?"

 அந்த வீட்டில் அப்போது பேப்பர் புரட்டும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

நான்கு நாள் கழித்து ஆங்கிலத்தில் மெயில் வந்தது. மாமா படித்துவிட்டு "பரிசீலனைல இருக்குதுங்க" என்றார். அம்மா என்னிடம் கொடுத்தார். முக்கியமான தகவலை மறைத்ததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று இருந்தது. அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டேன். "கதவுல நீதான நின்னே? எப்படி உட்டே?" என்று கேட்டார். வாங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெரியப்பா பேசாமல் உள்ளே வந்து பேப்பரை விரித்திருப்பார், கனைத்திருக்க மாட்டார், அப்பா எழுந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் நின்றதால் வந்த வினை. ஆனால் அத்தை, பயத்தில் என் வாயில் வந்தது வேறு: "பெரியப்பா நான் சொல்லச் சொல்லக் கேக்காம உள்ள வந்துட்டாருங்கம்மா."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அம்மா சென்னிமலை பெரியப்பாவை வாங்க என்று கேட்பதில்லை. அப்பா அந்த நேரத்தில் சரவணம்பட்டிக்கு இன்டர்வியூ, கணபதிக்கு இன்டர்வியூ என்று கிளம்பிவிடுகிறார். பெரியப்பா தினமும் வருகிறார். கதவருகே நிற்கிறார். கனைக்கிறார். அம்மா உள்ளேயே மிக்சியைப் போடுகிறார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செம்பருத்திச் செடியைப் பார்த்துவிட்டு, பேப்பர் படிக்காமலே திரும்பிப் போகிறார். நான் பள்ளிப் பையை மாட்டிக்கொண்டு ஜன்னலுக்குப் பின்னால் குனிந்துகொள்கிறேன். அவர் என்ன தப்பு செய்தார்?

அப்பா யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பெல்லாம் மாடிப்படி ஏறும்போது கைப்பிடிக் கம்பியைத் தொடவே மாட்டார். இப்போது பிடித்துக்கொண்டு ஏறுகிறார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் கையை எடுத்துவிடுகிறார்.

இதற்கு நடுவில்தான் அம்மா மிளகாய் வாங்கி வந்தார். ஒரு கிலோ, நல்ல காரமான குண்டு மிளகாய். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நாக்கில் புண். உள்ளங்கை எரிகிறது. கண் கரிக்கிறது. நேற்றுச் சாம்பாரில் எல்லோருக்கும் முருங்கைக்காய் வந்தது, எனக்கு மட்டும் மிளகாய் வந்தது. அரைப்பதற்கு முன்பே இப்படியென்றால் அரைத்த பிறகு என் கதி என்ன? சரி, நான் ஒருத்தி எரிந்துபோனால் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டாலும், அம்மன் நியாயமானவள், ஒருவருக்கு மட்டும் கொடுக்க மாட்டாள். பொய் சொல்லச் சொன்ன மாமாவுக்குக் கொஞ்சம். பெட்ஷீட் விரித்த அம்மாவுக்குக் கொஞ்சம். சரிங்க என்று சொன்ன அப்பாவுக்குக் கொஞ்சம். பெட்ஷீட்டைச் சீராகக் கொடுத்த உங்களுக்கும் ஒரு துளி வரலாம், யோசித்துப் பாருங்கள். அரைப்பவரே எரிந்து, கூட வந்தவரும் எரிந்து, வீட்டுக்குத் திரும்பிவர ஆள் இருக்காது.

அதனால் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அம்மாவை வரவிடாதீர்கள். ஏதாவது காரணம் சொல்லுங்கள். ஆனால் கோயிலில் வேலை நடக்கிறது என்று சொல்ல வேண்டாம்; அம்மன் பேரில் பொய் சொன்னால் அதற்குத் தனியாக அரைக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றும் வேண்டாம். அம்மா ரசப்பொடியோடு அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவார். மாட்டின் மேல் பழி போடுங்கள். புதிதாகக் கன்று போட்ட மாடு, விருந்தாளியைக் கண்டால் முட்டுகிறது என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மாட்டுக்கு அதனால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்புவுக்கு முத்தம். மாட்டுக்கு மன்னிப்பு. நீங்களும் மாமாவும் நூறாண்டு நோயில்லாமல் இருக்க வேண்டும்; ஒருவேளை நோய் ஏதும் இருந்தால் விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதிவிடுங்கள். படித்ததும் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள, தற்சமயம் நாக்குப் புண்ணோடு இருக்கும் மருமகள்,
நந்திதா.

பின்குறிப்பு (சில நாள் கழித்து எழுதுவது): அத்தை, மேலே கேட்ட எதையும் செய்ய வேண்டாம். மாட்டை விட்டுவிடுங்கள்.

'நந்திதா' என்று எழுதிப் புள்ளி வைக்கும்போதே அப்பா என் பின்னால் நின்றார். பகலில் காலிப்பர் சத்தம் அப்பா வருவதற்கு முன்னாலேயே வந்து சொல்லிவிடும். ராத்திரியில் அதைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் குடிக்க வருவார் என்பதை மறந்துவிட்டேன். கடிதத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் படித்தார். மாமா "இல்லைங்க" சொன்ன இடத்தில் சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சத்தத்தில் அம்மா எழுந்து வந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தார். நான் அடி வாங்கக் கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, "ஒரு கிலோ வாங்கிப்போட்டனே" என்றார்.

அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ கெடுக்கல கண்ணு. நானாத்தான் எந்திரிச்சேன். வேற ஏதாச்சும் சொல்லோணுமான்னு அந்தம்மா கேக்குது. ஒம்மாமன் கட்டை விரலக் காட்டறான். எனக்கு இல்லைன்னு வாய்ல வரமாட்டேங்குது. அந்நேரம் பாத்து சென்னிமலையண்ணன் கனைச்சாரு, நல்லதாப் போச்சு. அவரு கனைக்கலீன்னா, நானே ஆரோ கூப்புட்ட மாதிரி இருக்குதேன்னு எந்திரிச்சிருப்பேன்."

"அத அன்னைக்கே சொல்லறதுக்கென்னங்க?" என்றார் அம்மா.

"உம்பட பெரிம்மா பையன் சங்கடப்படுவானேன்னுதான்."

"அவன் சங்கடப்படுவானேன்னுதானுங்க நானும் சரின்னேன்!"

மறுநாள் மாமாவைக் கேட்டால், "மச்சான் காலப் பத்தி எழுதுனா மச்சான் சங்கடப்படுவாங்களேன்னுதான் நான் எழுதல" என்கிறார். ஒருவருக்கொருவர் மனம் கோணக் கூடாது என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு காலை மறைத்திருக்கிறார்கள் அத்தை. அந்தக் கால் மட்டும்தான் யாரையும் பார்த்துச் சங்கடப்படவில்லை.

காலையில் சென்னிமலை பெரியப்பா வந்து கனைப்பதற்கு முன்பே அம்மா வாசலுக்குப் போய் "வாங்கண்ணா" என்றார். "இருக்கட்டும் அம்மணி, இருக்கட்டும்" என்று அவர் முறைப்படி இரண்டு தரம் பிகு செய்துவிட்டு வந்தார். ஒன்றரை வாரப் பேப்பரையும் மொத்தமாகப் படித்தார். நான் கிட்டப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன கண்ணு, உங்க செம்பருத்திக்கு எரு பத்தல" என்றார்.

அப்புறம் அப்பாவே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தார். ஊனமுற்றவர்களுக்கென்றே தனியாக ஒரு பாலிசி இருக்கிறதாம்! அரசாங்க அடையாள அட்டையைக் காட்டினால் போதுமாம். பொய் சொல்லி அந்தப் பழைய பாலிசியை வாங்கியிருந்தால், ஆபரேஷன் சமயத்தில் கண்டுபிடித்துக் கையை விரித்திருப்பார்களாம். அப்பா இடது கால், வலது முழங்கால், சின்ன வயதில் வந்த மஞ்சள் காமாலை வரைக்கும் எழுதினார். மறுபடி வீடியோவில் அதே டாக்டர் மெர்சி. மேசை இல்லை, மயில் இல்லை. அப்பா கூடத்தில் டக், சர்ர் என்று அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து காட்டினார். நடுவில் வாசலில் கனைப்புச் சத்தம். வாசலில் நிற்க வேண்டிய நான் உள்ளே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா அப்படியே நின்று, போனைப் பார்க்கிறார், வாசலைப் பார்க்கிறார்.

டாக்டர் சொன்னார்: "போய் வாங்கன்னு கேட்டுட்டு வாங்க சார். நான் இருக்கறேன். எங்கம்மாவுக்குப் பெருந்துறைங்க, எனக்கும் இதெல்லாம் தெரியும்."

பாலிசி நேற்று வந்துவிட்டது. கால் சம்பந்தமான வைத்தியத்துக்கு மட்டும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். அப்பா வலது முழங்காலைத் தட்டி, "கேட்டுக்கிட்டியாடா? ரெண்டு வருசம். இப்பப் போய் மொண்டி பண்ணக் கூடாது" என்றார்.

அமாவாசைக்கு அம்மா மட்டும் இல்லை, நாங்கள் மூன்று பேருமே வருகிறோம். அம்மனுக்கு எலுமிச்சை மாலை மட்டும்தான். மிளகாயை மல்லியோடு சேர்த்துப் பொடியாக அரைத்தாகிவிட்டது, பாதி உங்களுக்கு. நாக்குப் புண் ஆறிவிட்டது. கடிதத்தைக் கிழிக்க வேண்டாம், அப்பா இதில் நான்கு பிழை திருத்தியிருக்கிறார், வீணாகிவிடும்.

வந்ததும் உங்கள் வாசலில் நின்று கனைப்போம். வாங்க என்று கேளுங்கள். ஆனால் அத்தை, அப்பாவிடம் "லீவுங்களா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வேலை கெடச்சுதுங்களாண்ணா?" என்று கேளுங்கள். அப்பா பதிலைத் தயாராக வைத்திருக்கிறார். "இன்னும் இல்ல கண்ணு" என்று சொல்லப் போகிறார்.